திருப்பதி, சித்தூரில் வாடகை வீடு: மின் கட்டணமும் டி.வி. செலவும் எங்கே கூடுகின்றன, எப்படிக் குறைப்பது?

திருப்பதி: வாடகைக்கு வீடு தேடுவோர் உரிமையாளரிடம் கேட்கும் முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பது. இரண்டாவது, முன்பணம் எவ்வளவு என்பது. மின்சார மீட்டர் தனியா, பொதுவா என்ற கேள்வி பெரும்பாலும் குடிபுகுந்து முதல் பில் வந்த பிறகுதான் எழுகிறது. திருப்பதி, சித்தூர் நகரங்களில் வாடகைக்குக் குடியிருப்போரின் பையிலிருந்து ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போகுமா, மிஞ்சுமா என்பதை விளக்கை அணைப்பதைவிட அதிகமாகத் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான்.

தேவஸ்தான ஊழியர்கள், வேங்கடேஸ்வரா பல்கலைக்கழக மாணவர்கள், மருத்துவமனைப் பணியாளர்கள் எனத் திருப்பதியில் வாடகை வீட்டை நம்பியிருப்போர் பலர். நகரி, புத்தூர், குப்பம், சத்தியவேடு பகுதிகளிலிருந்து வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் நகரத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும், எல்லை தாண்டித் திருத்தணி, வேலூர் பக்கத்திலிருந்து வந்தவர்களும் இவர்களில் அடக்கம். தமிழ்நாட்டிலிருந்து வருவோர் முதலில் தடுமாறுவது மின் கட்டண முறையில்தான். அங்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடக்கிறது. முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. ஆந்திரத்தில் மாதந்தோறும் கணக்கெடுப்பு நடக்கிறது. அனைவருக்கும் பொதுவான இலவச யூனிட் என்று எதுவும் இல்லை.

கடைசி யூனிட்டின் விலை

இரு மாவட்டங்களுக்கும் மின் விநியோகம் செய்வது, திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திரப் பிரதேச தெற்கு மின் பகிர்மான நிறுவனம். அது வசூலிக்க வேண்டிய கட்டணத்தை ஆந்திர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்த 2022 ஏப்ரல் மாதத்தில்தான் இப்போதைய வீட்டு மின் கட்டண அடுக்குகளும் நடைமுறைக்கு வந்தன. முதல் 30 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 1.90 ரூபாய், 31 முதல் 75 வரை 3 ரூபாய், 76 முதல் 125 வரை 4.50 ரூபாய்; 126 முதல் 225 வரை 6 ரூபாய்; 226 முதல் 400 வரை 8.75 ரூபாய்; 400-க்கு மேல் 9.75 ரூபாய். இந்த அடிப்படை விகிதம் 2025-26 நிதியாண்டிலும் தொடர்ந்தது.

இந்த அடுக்கு முறையில், 226-ஆவது யூனிட்டைத் தொட்டவுடன் மொத்த நுகர்வுக்கும் 8.75 ரூபாய் விழும் என்று பலர் அஞ்சுகின்றனர். அது சரியல்ல. கீழ் அடுக்கில் உள்ள யூனிட்டுகளுக்குக் கீழ் அடுக்கின் விலையே பொருந்தும். கூடுதலான யூனிட்டுகளுக்கு மட்டுமே மேல் அடுக்கின் விலை. ஆகவே, ஒரு வீட்டில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டின் மதிப்பும் அந்த வீடு எந்த அடுக்கில் முடிகிறது என்பதைப் பொறுத்தது. மாதம் 70 யூனிட் செலவிடும் வீட்டில் ஒரு யூனிட்டை மிச்சப்படுத்தினால் கிடைப்பது 3 ரூபாய். 300 யூனிட் செலவிடும் வீட்டில் அதே ஒரு யூனிட் 8.75 ரூபாய்.

எடுத்துக்காட்டாக, குளிர்காலத்தில் மாதம் 150 யூனிட் செலவிடும் குடும்பத்தின் மின்சாரத்துக்கான தொகை 567 ரூபாய். கோடையில் ஏ.சி. ஓடி அது 300 யூனிட்டாக உயர்ந்தால் தொகை 1,673 ரூபாயாகிறது. நுகர்வு இரு மடங்கு. பில் ஏறத்தாழ மூன்று மடங்கு. 300-இலிருந்து 225-க்கு இறக்கினால் 656 ரூபாய் குறையும். அதாவது நுகர்வில் கால் பங்கு குறைந்தால் தொகையில் ஏறத்தாழ 39 சதவீதம் குறைகிறது. (மேலே உள்ளவை மின்சாரத்துக்கான விலை மட்டுமே. நிலைக் கட்டணம், வாடிக்கையாளர் கட்டணம், மின் வரி, எரிபொருள் மற்றும் மின் கொள்முதல் விலை மாற்றத்துக்கான சரிக்கட்டல் ஆகியவை இதற்கு மேல் சேரும்.)

அந்தச் சரிக்கட்டல் தொகையில் வாடகைதாரர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நடப்பு மாதத்துக்கானது அல்லாமல், முந்தைய ஆண்டுகளின் மின் கொள்முதல் செலவை ஈடுகட்டும் தொகையும் சில நேரங்களில் பில்லில் தனி வரியாக இடம்பெறுகிறது. அது பழைய மாதங்களின் யூனிட் கணக்கில் போடப்பட்டிருந்தால், அந்த மின்சாரத்தைப் பயன்படுத்தியவர் அப்போது குடியிருந்தவர். புதிதாக வந்தவர் அதைச் சுமக்கக் காரணமில்லை. உரிமையாளரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பில்லின் அடியில் உள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பணம் செலுத்துவோர் இதைக் காண்பதே இல்லை.

நான்கு போர்ஷன், ஒரே மீட்டர்

அடுக்கு முறையின் உண்மையான வலி தெரிவது, பல குடித்தனங்கள் ஒரே மீட்டரில் இருக்கும் வீடுகளில். ஒரு கட்டடத்தில் நான்கு போர்ஷன்கள். ஒவ்வொன்றும் மாதம் 100 யூனிட் செலவிடுகிறது என்று கொள்வோம். தனித்தனி மீட்டர் இருந்தால் ஒவ்வொரு குடும்பத்தின் தொகையும் 304.50 ரூபாய், நால்வருக்கும் சேர்த்து 1,218 ரூபாய். அதே நால்வரும் ஒரே மீட்டரில் இருந்தால் கணக்கில் 400 யூனிட் விழும். தொகை 2,548 ரூபாய். ஒரு யூனிட்கூடக் கூடுதலாகச் செலவாகவில்லை. எனினும் மாதம் 1,330 ரூபாய் கூடுதலாகப் போகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 16,000 ரூபாய். மலிவான முதல் 75 யூனிட்டுகள் நான்கு குடும்பங்களுக்கும் தனித்தனியே கிடைக்க வேண்டியவை. பொது மீட்டரில் அவை ஒரே ஒரு முறைதான் கிடைக்கின்றன.

இதன் மேல் இன்னொரு சுமையும் ஏறக்கூடும். போர்ஷனுக்கு ஒரு சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே விலை பேசிக்கொள்வது வாடகை வீடுகளில் நடைமுறையில் உள்ளது. மேற்கண்ட கட்டடத்தில் பொது மீட்டரின் சராசரி விலை யூனிட்டுக்கு 6.37 ரூபாய். பேசிய விலை 9 ரூபாயாக இருந்தால் நால்வரிடமும் 3,600 ரூபாய் சேரும். இதர கட்டணங்களைக் கழித்தாலும், மின் நிறுவனத்துக்குச் செல்வதைவிடக் கணிசமாக அதிகம். உரிமையாளர் வேண்டுமென்றே செய்கிறார் என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றின் செலவும் அதற்குள் அடங்கியிருக்கலாம். ஆனால் அடங்கியிருக்கிறதா என்று கேட்கும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. பொது மீட்டரின் பில்லைக் காட்டச் சொல்லி, மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, வரும் விலையில் சப் மீட்டர் கணக்கைத் தீர்ப்பதே இருதரப்புக்கும் நியாயமான வழி. மோட்டாருக்கும் லிஃப்டுக்கும் தனிப் பங்கு எவ்வளவு என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது பின்னாளில் சச்சரவைத் தவிர்க்கும்.

தனி இணைப்பு பெறுவது இதைவிடச் சிறந்தது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, ஓர் இடத்தின் உரிமையாளர் மட்டுமின்றி அங்கு குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் மின் இணைப்பு வழங்கும் கடமையை விநியோக நிறுவனத்தின் மீது சுமத்துகிறது. மின்சாரம் அடிப்படை வசதி என்றும், உரிமையாளர் ஆட்சேபணையின்மைச் சான்று தரவில்லை என்ற காரணத்துக்காக வாடகைதாரருக்கு இணைப்பை மறுக்க இயலாது என்றும் உச்ச நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் தெளிவுபடுத்தியுள்ளது. விண்ணப்பிப்பவர் அந்த இடத்தில் உண்மையில் குடியிருக்கிறாரா என்பதை மட்டுமே மின் நிறுவனம் பார்க்க வேண்டும். மின் நுகர்வோர் உரிமைகள் விதிகளில் 2024-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பெருநகரங்களில் 3 நாள்களிலும், பிற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள்களிலும், ஊரகப் பகுதிகளில் 15 நாள்களிலும் புதிய இணைப்பு தரப்பட வேண்டும்.

சட்டம் இப்படி இருந்தாலும், உரிமையாளரின் முகத்தைப் பார்த்துத் தினமும் படியேற வேண்டியவர் வாடகைதாரர். பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு போய் நிற்பது நடைமுறையில் அரிது. அங்குதான் கணக்கு உதவுகிறது. புதிய இணைப்புக்கான மேம்பாட்டுக் கட்டணமும் வைப்புத்தொகையும் ஒரு முறை செலவு. மாதந்தோறும் மிஞ்சும் 1,330 ரூபாயில் அது சில மாதங்களில் ஈடாகிவிடும் என்பதைக் காட்டினால், தனி மீட்டர் உள்ள போர்ஷனுக்கு அடுத்த முறை ஆள் கிடைப்பதும் எளிது என்று உரிமையாளரே ஒப்புக்கொள்ள வாய்ப்புண்டு. நால்வரும் சேர்ந்து பேசினால் இன்னும் எளிது.

வீட்டுக்குள் எதைக் குறைப்பது?

திருப்பதியின் கோடை வெப்பத்தை அறிந்தவர்களிடம் ஏ.சி. வேண்டாம் என்று சொல்வதில் பொருளில்லை. அதிலும் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீட்டில். ஆனால் வைக்கும் அளவைப் பற்றிப் பேசலாம். நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.களில் 24 டிகிரியே இயல்பு அளவாக இருக்க வேண்டும் என்பது 2020 ஜனவரி 1 முதல் விதி. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கணிப்பு. 20 டிகிரியில் மாதம் 150 யூனிட் இழுக்கும் ஏ.சி.யை 24-இல் வைத்தால் ஏறத்தாழ 36 யூனிட் குறையும். அந்த யூனிட்டுகள் 8.75 ரூபாய் அடுக்கைச் சேர்ந்தவை என்பதால் மாதம் 315 ரூபாய் மிச்சம். ஏ.சி. வாங்கும்போது ஒட்டியிருக்கும் தாளில் உள்ள ஆண்டு நுகர்வு 1,600 மணி நேரத்துக்கானது. இரவு எட்டு மணி நேரம் ஓட்டினால் 200 நாளில் அந்த அளவை எட்டிவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வாடகைதாரர் வாங்கும் பொருளுக்கு ஒரு கூடுதல் தகுதி தேவை: வீடு மாறும்போது உடன் எடுத்துச்செல்ல முடிய வேண்டும். சூரிய மின் தகடு அந்தத் தகுதியில் தேறாது, கூரை அவருடையதல்ல. மின்விசிறி தேறும். வழக்கமான மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கிறது, பி.எல்.டி.சி. வகை சுமார் 30 வாட்தான். நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால் மாதம் 27 யூனிட்டுக்குப் பதில் 11 யூனிட். விசிறி ஒன்றுக்கு 16 யூனிட் மிச்சம். 6 ரூபாய் அடுக்கில் இருப்பவருக்கு மாதம் 97 ரூபாய், 8.75 அடுக்கில் 140 ரூபாய்க்கு மேல். மாதம் 60 யூனிட்டில் முடித்துக்கொள்ளும் தனி அறை மாணவருக்கோ 48 ரூபாய்தான். அவர் இதில் முதலீடு செய்ய அவசரப்பட வேண்டியதில்லை. பழைய விசிறியைப் பத்திரமாக வைத்திருந்து, வீட்டைக் காலி செய்யும்போது மீண்டும் மாட்டிக் கொடுத்துவிட வேண்டும்.

வெந்நீருக்கான கீசர் பெரும்பாலும் 2,000 வாட். அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பதினைந்து லிட்டர் நீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர அதில் பாதியே போதும் என்பதால், எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் குளித்துவிட்டு அணைப்பது நல்லது. திருப்பதியில் ஆண்டின் பெரும்பகுதிக்கு அது தேவையே இல்லை; சித்தூரின் மார்கழிக் காலை வேறு கதை.

டி.வி.: எத்தனை அலைவரிசை, யாருடைய மொழி?

கேபிள், டி.டி.எச். கட்டணத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, இணைப்புக்கான நெட்வொர்க் கட்டணம். மற்றொன்று, கட்டண அலைவரிசைகளுக்கான விலை. இரண்டின் மீதும் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். இந்திய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதிய முறை 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. பார்க்கும் அலைவரிசைக்கு மட்டும் பணம் என்பதே அதன் நோக்கம். பின்னர் 200 அலைவரிசைகள் வரை நெட்வொர்க் கட்டணம் 130 ரூபாய்க்கு மிகக்கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் டிராய் அந்த வரம்பை நீக்கியது. இப்போது ஒவ்வொரு நிறுவனமும் தானே நிர்ணயிக்கலாம் என்பதால், இரண்டு மூன்று நிறுவனங்களின் நெட்வொர்க் கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது முன்னைவிட அவசியமாகியுள்ளது.

இரு மாவட்டங்களின் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். ஆந்திர முகவரி என்றவுடன் தெலுங்குத் தொகுப்பு முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. தமிழ் வேண்டும் என்றால் அதன் மேல் ஒரு தமிழ்த் தொகுப்பு. பிள்ளைகளுக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று எனச் சேர்ந்து, நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 250 அலைவரிசைகள் வந்துவிடுகின்றன. இதற்கு எளிய மருந்து, ஒரு மாதம் வீட்டில் உண்மையில் பார்க்கப்பட்ட அலைவரிசைகளைத் தாளில் எழுதிவைப்பது. பட்டியல் பதினைந்தைத் தாண்டும் வீடுகள் குறைவாகவே இருக்கும். ஒரே ஒளிபரப்பாளரின் நான்கைந்து அலைவரிசைகள் அதில் இருந்தால் அந்நிறுவனத்தின் சிறிய தமிழ்த் தொகுப்பு மலிவு. ஒன்றிரண்டுதான் என்றால் தனியாக எடுப்பது மலிவு. 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த அலைவரிசையைத் தொகுப்பில் சேர்க்கக்கூடாது என்பது 2023 பிப்ரவரி முதல் விதி என்பதால், தனியாக எடுத்தாலும் பெரும்பாலானவற்றின் மாத விலை அதற்குள்தான்.

கட்டணமில்லாத வழியும் உண்டு. பிரசார் பாரதியின் டி.டி. ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா இல்லை. ஆன்டெனாவுக்கும் பெட்டிக்கும் ஒரு முறை செலவுதான். முன்பு பொதிகை என அறியப்பட்டு 2024 ஜனவரியில் பெயர் மாறிய டி.டி. தமிழ் அதில் கிடைக்கும். ஆனால் தமிழ்நாட்டின் முன்னணித் தொடர் அலைவரிசைகளை எதிர்பார்த்து இதற்கு மாறுவோர் ஏமாறுவர். செய்தியும் பழைய படங்களும் போதும் என்பவருக்கே இது ஏற்றது. மொட்டை மாடியில் ஆன்டெனா பொருத்த உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். இதே பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியிலும் தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் காணலாம்.

ஏற்கெனவே ஃபைபர் இணையம் உள்ள வீட்டில், கேபிள், டி.டி.எச்., ஓ.டி.டி. மூன்றுக்கும் ஒரே தொடருக்காகப் பணம் செலுத்தப்படுகிறதா என்று பார்ப்பது நன்று. அடுத்த ஆண்டும் இதே வீட்டில் இருப்போம் என்ற உறுதி இல்லாதவர், தள்ளுபடியைக் கண்டு உள்ளூர் கேபிளுக்கு ஆண்டுச் சந்தாவை மொத்தமாகச் செலுத்தாமல் இருப்பதே மேல். டி.டி.எச். பெட்டி கூடவே வரும்; தெருமுனைக் கேபிள்காரரின் இணைப்பு வராது.

டி.வி.யின் செலவு சந்தாவோடு முடிவதுமில்லை. ரிமோட்டில் அணைத்த பின்பும் செட் டாப் பெட்டி 10 வாட் இழுத்துக்கொண்டிருந்தால் நாள் முழுவதும் சேர்த்து மாதம் 7 யூனிட். 50 வாட் எல்.இ.டி. டி.வி. நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினாலும் அதே 7 அல்லது 8 யூனிட்தான். படம் காட்டுவதற்குச் செலவாகும் அளவே, சும்மா இருப்பதற்கும் செலவாகிறது. சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் போதும்.

சிலிண்டரா, மின் அடுப்பா?

மின் அடுப்புக்கு மாறினால் மிச்சம் என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தரும் சமையலை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்ய ஏறத்தாழ 130 முதல் 140 யூனிட் தேவை. 6 ரூபாய் அடுக்கில் அதற்கு 780 முதல் 840 ரூபாய், 8.75 அடுக்கில் 1,137 முதல் 1,225 ரூபாய். சிலிண்டரின் நடப்பு விலையை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், ஏ.சி. ஓடும் மாதங்களில் மின் அடுப்பு நட்டம் என்பது தெரியும். ஆந்திர அரசு 2024 நவம்பரில் தொடங்கிய தீபம்-2 திட்டத்தில், தகுதியுள்ள ரேஷன் அட்டைதாரர்களுக்கு ஆண்டுக்கு மூன்று சிலிண்டர்கள் இலவசம். தமிழ்நாட்டு அட்டையை வைத்துக்கொண்டு ஆந்திரத்தில் குடியிருப்போருக்கு இது பொருந்தாது.

குடிபுகும் நாளில்

சாவியை வாங்கும் நாளிலேயே மீட்டரின் ரீடிங்கைத் தேதி தெரியும்படி கைபேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுவது நல்லது. சப் மீட்டர் இருந்தால் அதையும். இணைப்பு எண்ணைக் கேட்டுப் பெற்று, பாக்கி ஏதும் நிற்கிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். காலி செய்யும்போதும் இதே போன்று படம் எடுத்தால், முன்பணத்தில் பிடித்தம் குறித்த வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

வாடகைத் தகராறு என்று சொல்லி மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்துவதை, மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் தடை செய்கிறது. அது மாநிலங்களுக்கான முன்மாதிரிதான் என்றாலும், அந்தப் போக்கில் தங்கள் சட்டத்தைத் திருத்திய மாநிலங்களின் வரிசையில் ஆந்திரமும் தமிழ்நாடும் உள்ளன.

மீட்டர் உண்மையான நுகர்வைவிட அதிகம் காட்டுகிறது என்று சந்தேகம் எழுந்தால், புகார் அளித்த ஐந்து நாள்களுக்குள் மின் நிறுவனம் கூடுதலாக ஒரு மீட்டரைப் பொருத்திக் குறைந்தது மூன்று மாதம் சரிபார்க்க வேண்டும் என்கிறது 2024-ஆம் ஆண்டுத் திருத்தம். புகாரை 1912 என்ற எண்ணில் பதிவு செய்து, பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அங்கு தீர்வு கிடைக்காவிட்டால் மின் நிறுவனத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தையும், அதன் முடிவில் நிறைவு இல்லாவிட்டால் மின்சாரக் குறைதீர்ப்பாளரையும் அணுகலாம். இணைப்பு உரிமையாளரின் பெயரில் இருந்தால், அவரது கையொப்பத்துடன் புகார் அளிப்பது காரியத்தை விரைவுபடுத்தும்.